பலன் சொல்லாத ஜாதகம்

மார்கழி விடியலில் திருவல்லிக்கேணிச் சந்துகளில் நடப்பவர்கள் இன்றும் சில வாசல்களில் காணலாம்: கோலத்தின் நடுவே சாண உருண்டை, அதன்மேல் பூசணிப்பூ. கிறிஸ் ஓஃபிலியின் ‘புனித கன்னி மேரி’ (1996) பற்றி எங்கள் ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் காட்சிதான். எண்ணெய் வண்ணம், மினுக்குத்தூள், ஒட்டிய காகிதத் துண்டுகள், இவற்றோடு யானை இலத்தியும் சேர்ந்த ஓவியம் அது. 1999இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டபோது மேயர் ஜூலியானி சினந்து நிதியை நிறுத்த முனைந்தார், நீதிமன்றம் தடுத்தது.

“நமக்குப் பசுஞ்சாணம் போல அவர்களுக்கு அது புனிதம்” என்றார் சக ஆசிரியர். நானும் தலையாட்டினேன். பிறகுதான் உறைத்தது. ஓஃபிலி பிறந்தது மான்செஸ்டரில், பெற்றோர் நைஜீரியர். இலத்தி அவர் ஓவியத்துள் நுழைந்ததோ 1992இல் ஜிம்பாப்வே சென்றபோது. பின்னர் இலண்டன் விலங்குக்காட்சிசாலையிலிருந்தே பெற்றுக்கொண்டார். இதில் எது பாட்டன் சொத்து? ‘உன் ஆப்பிரிக்கா எங்கே?’ என்று கறுப்பின ஓவியனைக் கேட்டுக்கொண்டே இருக்கும் உலகுக்கு, ‘இதோ’ என்று அவர் நீட்டிய குறும்பான பதிலாகவே அது எனக்குப் படுகிறது.

நம்மூரிலும் அப்படியொரு பதில் உண்டு. பெரியமேட்டில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்கும் பள்ளியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். 1963 முதல் அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டங்களும் எண்களும் சுவடி போன்ற நெருக்கமான வரிகளும் உண்டு. மலையாளமா, தமிழா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் வாசிக்க இயலாது. ஜாதகம் பார்த்தே பெண்ணெடுக்கும் நமக்குப் பலன் சொல்லாத ஜாதகம்!

அப்படியானால் மரபு வெறும் விளையாட்டா? இல்லை. ஜாதகத்தோடு வளராத ஒருவருக்கு அந்தக் கட்டங்கள் கைவந்திருக்கா. ஆனால் அவற்றை நம் பெருமைக்குச் சான்றிதழாகச் சட்டமிட்டு மாட்டவும் முடியாது. மரபு அங்கே ஓவியனின் கைப்பொருள். பார்ப்பவருக்குக் காட்டவேண்டிய அடையாள அட்டை அன்று.

இதை நான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். சென்ற பருவத்தில் மாணவி ஒருத்தியின் கவிதையின் கீழ் ‘இதில் உன் ஊர் எங்கே?’ என்று சிவப்பு மையால் எழுதினேன். அடுத்த கவிதையில் ஐயனாரும் பனைமரமும் ஒழுங்காக வந்து நின்றன, கவிதைதான் போய்விட்டது. அந்தச் சிவப்பு வரியைத் திரும்பப் பெற விரும்புகிறேன்.