கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு திரை



2018-ல் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் புது வடிவில் வந்தபோது, பக்கங்களில் கியூஆர் கோடு கட்டங்களும் கூடவே வந்தன. மறுவருஷம் கல்வித் தொலைக்காட்சி. பிறகு கொரோனா, ஆன்லைன் வகுப்பு. அப்புறம் பாடங்களுக்கான மணற்கேணி செயலி, ஸ்மார்ட் போர்டு என்று வரிசை நீள்கிறது. சில வருஷங்களுக்குள் இத்தனையும் வந்து விழுந்தால் எந்த ஆசிரியருக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வருகைப்பதிவை ஏற்றுவது, விவரங்களைப் பதிவது எல்லாம் அலுவலக வேலை. செல்போனில் செய்வதால் மட்டும் அது கற்பித்தல் ஆகிவிடாது. அந்த வேலை ஆசிரியரின் பொழுதைத் தின்றுவிட, பாடத்துக்கு உதவும் கருவியைக் கற்கத்தான் நேரமில்லாமல் போகிறது.

அப்படி உதவும் கருவிக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கணக்குப் புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியைப் பார்த்திருப்பீர்கள். பலவும் ஜியோஜீப்ராவுக்கு அழைத்துப் போகும். 2001-ல் ஆஸ்திரியாவில் ஒரு மாணவரின் ஆய்வேட்டுக்காகத் தொடங்கிய மென்பொருள் அது, பள்ளிகளுக்கு இலவசம். திரையில் ஒரு முக்கோணம் வரைந்து, ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மூன்றும் மாறிக்கொண்டே இருக்கும். கூட்டிப் பார்த்தால் அதே 180. கரும்பலகையில் ஒரு பாடவேளைக்கு இரண்டு மூன்று முக்கோணம் போடலாம். இங்கே பிள்ளைகளே இழுத்து இழுத்து, மாறுகிறதா பார்ப்போம் என்று மல்லுக்கு நிற்பார்கள். ஆனால், 'ஏன் சார் மாறவே மாட்டேங்குது?' என்று ஒரு பிள்ளை கேட்டால், பதிலுக்கு ஒரு பக்கத்துக்கு இணையாகக் கோடு போட்டுக் காட்ட ஆசிரியர்தான் வேண்டும்.

இத்தகைய கருவிகளைக் கற்கப் பயிற்சி வேண்டும். தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பயிற்சி வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையோடு நமக்கு ஆயிரம் பிணக்கு இருக்கட்டும். மணிக்கணக்கு ஒன்றும் அதிகமில்லை. அந்த மணிகள் எப்படிக் கழிகின்றன என்பதுதான் கேள்வி. ஒருவர் திரையில் காட்ட, மற்றவர்கள் கைகட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் திரும்பினால் எதுவும் மனதில் நிற்காது. தன் கை பட்டால்தான் வரும்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்கிக் கொடுங்கள். தெரிந்தவர் பக்கத்து வகுப்பு ஆசிரியருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். வயது, பணிமூப்பு பார்க்க வேண்டாம். உங்கள் பள்ளியில் இப்படி நடக்கிறது என்றால் எங்களுக்கு எழுதுங்கள், வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்