டிஸ்க் பிரேக் சைக்கிள் எடுக்கப் போகும் தம்பிமாருக்கு

ஓகஸ்ட் விடுமுறைக்கு மலைநாட்டுப் பக்கம் சைக்கிளில் போக ஆசைப்படும் தம்பிமாரில் பாதிப் பேர் முதலில் கேட்பது, "சேர், டிஸ்க் பிரேக் உள்ளதா எடுப்போமா?" என்றுதான். கடைக்காரரும் அதைத்தான் முன்வரிசையில் நிறுத்தி வைத்திருக்கிறார். எது நன்றாகப் பிடிக்கும் என்பதோடு நிற்காமல், அது பழுதாகும் ஊரில் யார் திருத்தித் தருவார் என்றும் கேளுங்கள் என்பதே எங்கள் பதில்.

பொத்துவிலோ மொனராகலையோ, சைக்கிள் திருத்தும் காக்காவிடம் ரிம் பிரேக்குக்குக் கட்டையும் கேபிளும் இருக்கும். லுமாலா திருத்திப் பழகிய கைக்கு அது பெரிய வேலையில்லை. ஒரு அலன் கீ இருந்தால் மர நிழலில் நாங்களே மாற்றிக்கொள்வோம்.

ஒயிலில் வேலை செய்யும் ஹைட்ரோலிக் டிஸ்க் அப்படியல்ல. பிடிப்பதில் அதற்கு நிகரில்லை, விரல் ஒன்று போதும். ஆனால் ஒயில் கசிந்தால்? மோட்டார் சைக்கிள் கராஜில் இருப்பது டொட் ஒயில். ஷிமானோ பிரேக்குக்கு வேண்டியது மினரல் ஒயில். "எல்லாம் ஒயில்தானே தம்பி" என்று மாற்றி ஊற்றிவிட்டால் உள்ளே உள்ள சீல் ஊதிப் பழுதாகிவிடும். பஸ்ஸிலோ ரயிலிலோ சாமான்களோடு ஏற்றும்போது டிஸ்க் தகடு வளைந்தால், அடுத்த நாள் முழுக்க சிறிக் சிறிக் என்று உரசிக்கொண்டே போக வேண்டும்.

அதற்காக ரிம் பிரேக்கே எங்கும் போதும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். உயர வித்தியாசம் ஏறத்தாழ 800 மீற்றர். ஆளும் சைக்கிளும் பையும் சேர்த்து 100 கிலோ என்றால், சாதாரண தரம் கணக்குதான், கிட்டத்தட்ட 8 இலட்சம் ஜூல். இரண்டு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இதுவே தாராளம். இதில் ஒரு பங்கைக் காற்று எடுக்கும், மிச்சத்தின் பெரும்பகுதி பிரேக்கில் சூடாக மாறும். ரிம் பிரேக்கில் அந்தச் சூடு ரிம்முக்குள் இறங்குகிறது, ரிம்முக்குள் இருப்பது டியூப். வளைவில் முன் டியூப் வெடித்தால் பிரேக் கட்டையின் விலையைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. டிஸ்க்கில் சூடு டியூபுக்குத் தூரமாகவே நிற்கும்.

மழையும் அப்படித்தான். நனைந்த ரிம்மில் கட்டை உடனே பிடிக்காது, சில்லு ஒன்றிரண்டு சுற்று சுற்றிய பிறகே பிடிக்கும். எங்கள் கரையோர மணல் கட்டையில் ஒட்டி, ரிம்மை அரம் போல ராவிவிடும்.

ஆகவே, அக்கரைப்பற்று, பொத்துவில், பாணமை என்று தட்டையான வீதியில் ஓடுபவருக்கு நல்ல வி-பிரேக் தாராளம். மீதிக் காசுக்கு நல்ல டயர் வாங்கலாம். பாரத்தோடு மலை இறங்குபவருக்கு, கேபிளில் இயங்கும் டிஸ்க். அதன் கேபிளை எந்தக் கடையிலும் மாற்றலாம். அதற்குரிய பிரேக் கட்டை மட்டும் சின்ன ஊர்களில் கிடைக்காது, இரண்டு சோடி பையில் போட்டுக்கொள்ளுங்கள், பாரமா என்ன? ரிம் பிரேக் சைக்கிளை வாங்கிவிட்டு பிறகு டிஸ்க் பூட்டலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் அதற்கான இடம் இருந்தால்தான் பூட்ட முடியும்.

ஸ்டைலுக்காகப் பூட்டி விற்கும் மலிவு டிஸ்க்கை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. அதைவிட ஒழுங்காகச் சரிசெய்த வி-பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஆசிரியர் சம்பளத்தில் இருந்து மகனுக்கு சைக்கிள் எடுக்கும் தகப்பன்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. தலைகுப்புற விழுந்துவிடுவோம் என்று பயந்து முன் பிரேக்கைக் கழற்றி வைத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்வதால் அதிகம் நிறுத்துவது முன் சில்லுதான். எந்த பிரேக் என்றாலும் இரண்டையும் சேர்த்துப் பிடித்து விட்டு, மறுபடியும் பிடித்து விட்டு இறங்குங்கள். இடையில் ராவணா எல்ல நீர்வீழ்ச்சியடியில் நிறுத்தி, ஒரு பிளேன்டீ குடியுங்கள். பிரேக்கும் ஆறட்டும்.