மறுஆட்டமும் மரக்காலும்

ஒருமுறை ஆடி முடித்த கணினி விளையாட்டைப் பல ஆண்டுகளின் பின் மீண்டும் எடுத்து ஆடுவோரைத் தமிழ்ச் சூழல் இருவகையாக நோக்குகின்றது. கற்றோர் சிலர் அதனை வயதுக்கு ஒவ்வாத செயலெனக் கருதி நகைக்கின்றனர். அவ்விளையாட்டின் பற்றாளரோ, கழிந்துபோன இளமையை மீட்டுத்தரும் இனிய பொழுதென அதனைப் போற்றுகின்றனர். நகைப்போரும் போற்றுவோரும் எதிரெதிராக நிற்பவர்போலத் தோன்றினும் ஓரிடத்தில் உடன்படுகின்றனர். விளையாட்டு விளையாட்டே, அதில் ஆராய்வதற்கு எதுவுமில்லை என்பதே அவ்வுடன்பாடு. இக்கருத்துப் பிழையானது. அத்துடன், நெடுங்கேணி போன்றதொரு மண்ணிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் வழங்கக்கூடிய ஓர் அரிய தீர்ப்பினை அவரிடமிருந்து பறித்துவிடுவதுமாகும்.

முதலில் நகைப்போரின் வாதத்தை நோக்கலாம். முடிவு தெரிந்த ஆட்டத்தை மீண்டும் ஆடுவதில் என்ன பயன் என அவர்கள் வினவுகின்றனர். இவ்வினா தமிழ்மரபினை அறியாத வினா. முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தினைக் காணவரும் கிழவிக்குக் கோவலன் கொலையுண்பான் என்பது தெரியாததா? காத்தவராயன் கூத்திலே கழுமரம் வரும் என்பதை அறியாமலா ஊர் விடியும்வரை விழித்திருக்கின்றது? கதை தெரிந்தமையால்தான் அவர்கள் வருகின்றனர். முதன்முறை காண்பவர் அடுத்து என்ன நிகழும் என நோக்குகின்றார். பன்முறை கண்டவர் அது ஏன் நிகழ்கின்றது என நோக்குகின்றார். இடையிலே தன் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்திக்குச் சென்ற ஆண்டின் கூத்தும் இவ்வாண்டின் கூத்தும் ஒன்றாகா. பாட்டும் தாளமும் மாறவில்லை; காண்பவர் மாறியுள்ளார். கூத்தினையும் விளையாட்டினையும் ‘ஆட்டம்’ என்ற ஒரே சொல்லால் வழங்கும் மொழிக்கு இவ்வுண்மை புதிதன்று.

கூத்தும் ஒருகாலத்தில் கற்றோரின் நகைப்புக்கு இலக்காகிய கலையே என்பதைப் பல்கலைக்கழகத்தார் மறத்தலாகாது. பாமரரின் பொழுதுபோக்கு என ஒதுக்கப்பட்டிருந்த அதனைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேடையேற்றினார். 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1965இல் இராவணேசன், 1968இல் வாலி வதை என அம்முயற்சி தொடர்ந்தது. இன்று கூத்தினை ஆராயாத தமிழ்த்துறையை எண்ணிப் பார்த்தலும் இயலாது. ஆதலால், மக்கள் திரளாக ஈடுபடும் ஒரு புதிய ஆட்டவகையைக் கண்டவுடன் முகஞ்சுளிப்பது ஆய்வு மனப்பான்மையாகாது. அதனை ஆடிப்பார்த்தபின், வேண்டுமாயின், முகஞ்சுளிக்கலாம்.

இனி ஆட்டத்துக்கு வருவோர் காண்பது யாது? நிலவறைக்குள் இறங்கி, எதிர்ப்படும் பகைகளைக் கொன்று, அவற்றிடமிருந்து பொருள் கவர்ந்து, ஆற்றல் பெருக்கி மேலும் ஆழத்துக்குச் செல்லும் ஆட்டவகையைப் பலரறியச் செய்தவற்றுள் 1980இல் வெளிவந்த ‘றோக்’ முக்கியமானது. அவ்வழியில் வந்து உலகெங்கும் பரவியது ‘டயப்லோ’. 1997ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது கடைகளை அடைந்தது. ட்றிஸ்ரம் என்னும் சிற்றூர். அதன் பாழடைந்த தேவாலயம். அதன்கீழே பதினாறு தளங்கள். அவ்வளவே அதன் உலகம். நிலவறைத் தளங்களைக் கணினி ஒவ்வொரு புதிய ஆட்டத்திலும் வேறுவிதமாக அமைத்துத் தருகின்றது. ஆதலால், மறுஆட்டத்தில் மாறாது நிற்பது ஊர் ஒன்றே.

அதே 1997ஆம் ஆண்டில் நெடுங்கேணியின் நிலை யாது? புளியங்குளத்திலிருந்து கிழக்கே முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வழியில், குளங்களும் வயல்களும் காடும் சூழ அமைந்த ஊர் அது. அயலூரான ஒதியமலையில் 1984 டிசெம்பரில் நிகழ்ந்த படுகொலையை அது முன்னரே கண்டிருந்தது. 1997 மே 13ஆம் திகதி தொடங்கிய ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கையின் பாதையில் அவ்வூர் இருந்தது. மக்கள் இடம்பெயர்ந்தனர். 1999 நவம்பரில் ஊர் மீண்டும் கைமாறியது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் முகாம்களிலிருந்து மக்கள் மெல்ல மெல்லத் திரும்பினர். மின்சாரமும் கணினியும் எட்டாதிருந்த அம்மண்ணின் பிள்ளை இவ்வாட்டத்தை முதலில் ஆடியிருப்பின், வவுனியா நகரிலோ கொழும்பிலோ கடல்கடந்தோ ஆடியிருத்தல் வேண்டும். பதினைந்து வயதில் ஆடியதை முப்பத்தைந்து வயதில் அவர் மீண்டும் ஆடும்போது மாறாத அச்சிற்றூரிலே எதனைக் காண்பார் என்பதே இங்குக் கேட்கவேண்டிய வினா.

தேவாலய வாயிலிலே குற்றுயிராய்க் கிடக்கும் ஒருவனை அவர் காண்பார். தன்னுடன் வந்தோர் உள்ளே வெட்டுண்டதைச் சொல்லி, பழிதீர்க்குமாறு வேண்டி அவன் இறக்கின்றான். ஆடுபவரின் பையிலே புண்ணாற்றும் மருந்து உண்டு. அதனை அவனுக்கு ஊட்டுவதற்கு ஆட்டம் வழிவைக்கவில்லை. பதினைந்து வயதில் இக்குறை கண்ணிற்படுவதில்லை. மருந்துத் தட்டுப்பாட்டில் உயிர்கள் பிரிந்ததை அறிந்தவருக்கோ அது முதலிலே தென்படும்.

ஊரின் ஓரத்தில் வேர்ட் என்னும் சிறுவனைக் காண்பார். பூதங்கள் இழுத்துச் சென்ற அவனைக் கொல்லன் கிறிஸ்வோல்ட் மீட்டான். கால் ஒன்று மீளவில்லை. மரக்காலுடன் நின்று அவன் வியாபாரம் செய்கின்றான். தன்னிடமுள்ள ஒரேயொரு பொருளைக் காட்டுவதற்கே ஐம்பது பொற்காசு கேட்கின்றான். வாங்காவிடினும் அக்காசு திரும்பாது. பதினைந்து வயதில் ஆடுபவருக்கு அவன் பேராசை பிடித்த போக்கிரியாகத் தோன்றுவான். பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னியில் வாழ்ந்த குடும்பத்திலிருந்து வருபவரோ வேறொன்றைக் காண்பார். வழியடைபட்ட ஊரிலே மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் என்ன விலைக்கு விற்றன என்பதை அவர் வீட்டிலே கேட்டறிந்தவர். உழைக்க உடல் இடந்தராத ஒரு பிள்ளைக்கு, முற்றுகைப்பட்ட ஊரிலே எஞ்சியிருந்த பிழைப்பு இதுவே என்பதை அவர் உணர்வார். ஆட்டத்தை ஆக்கியோர் எழுதாத இப்பொருளை ஆட்டமே சுமந்துநிற்கின்றது.

பதினாறாந் தளத்தின் முடிவிலே பூதத்தலைவன் வீழ்கின்றான். அவனது உடல் மெல்ல மாறி ஒரு சிறுவனின் உடலாகின்றது. அரசனின் மகனான அச்சிறுவனைக் கவர்ந்து, அவனுடலைத் தன் உடலாக்கிக்கொண்டே பூதம் வாழ்ந்தது. வென்ற வீரன் சிறுவனின் நெற்றியிலிருந்த கல்லைப் பிடுங்கித் தன் நெற்றியிலே பதித்துக்கொள்கின்றான். முதல் ஆட்டத்திலே இது வெற்றியின் இறுதிக்காட்சி. போர் பிள்ளைகளையும் தன் ஆட்களாக்கிக்கொண்ட மண்ணிலிருந்து வந்தவருக்கு இதனை வெற்றி என அழைத்தல் அரிது. தான் இவ்வளவு நேரமும் யாரைக் கொல்லச் சென்றார் என்ற கேள்வி அவரிடம் எழும். இத்தகைய கேள்வியை எழுப்பவல்ல ஓர் ஆட்டத்தைச் சிறுபிள்ளைச் செயல் என ஒதுக்குவோர் அதனை ஆடாமலே தீர்ப்பளித்தோர் ஆவர்.

இனிப் போற்றுவோரின் பக்கம் திரும்புதல் வேண்டும். 2000ஆம் ஆண்டில் இதன் இரண்டாம் பாகம் வெளிவந்தது. அதிலே ட்றிஸ்ரம் எரிந்து கிடக்கின்றது. சிறுவனை மீட்ட கொல்லன் கொல்லப்படவேண்டிய பூதமாக அலைகின்றான். வேர்ட் பிணமாகக் கிடக்கின்றான். பிணத்தை ஆடுபவர் தொட்டவுடன் பொற்காசுகளும் மரக்காலும் சிதறுகின்றன. அம்மரக்காலையும், ஊர் திரும்பும் வழியைத் திறக்கும் மந்திரச் சுவடியையும் ஒரு பேழையில் ஒன்றாக இட்டால் இரகசிய வாயில் திறக்கும். அதனுள்ளே ஆயுதம் ஏந்தி இருகாலில் நடக்கும் மாடுகளைக் கொன்று குவிக்கலாம். முதலாம் பாகத்தின் மாட்டைத் தொட்டால் இரகசியத் தளம் திறக்கும் என ஆடுவோரிடையே பொய்வதந்தி ஒன்று உலவியது. அதனை நகைத்தே இவ்விளையாட்டு உருவாயிற்று. வதந்தியை நகைப்பதில் குற்றமில்லை. அந்நகைப்பிற்குத் திறவுகோலாக ஒரு பிள்ளையின் செயற்கைக் காலைத் தெரிந்துகொண்டமையே குற்றம்.

பற்றாளர் இதனை ஆட்டத்தின் இனிய நினைவுகளுள் ஒன்றாகக் கொண்டாடுகின்றனர். 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் உருவாகிய செயற்கைக் காலின் பெயரை வன்னியிலே விளக்கவேண்டிய தேவையில்லை. கண்ணிவெடி அகற்றப்படாத காணி என்ற அறிவிப்புப் பலகைக்கு இப்பால் நின்று தம் வயலைப் பார்த்தவர்கள் அங்குளர். ஆளெதிர்க் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது 2017 டிசெம்பரிலேயே. இவ்வரலாற்றை உடையவர் மறுஆட்டத்தில் அப்பிணத்தைத் தொடும்போது கை நிற்கும். அவ்வாறு நிற்பதே விமர்சனத்தின் தொடக்கம்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். கலிபோர்னியாவில் இருந்து ஆட்டத்தை ஆக்கியோர் வன்னியை அறிந்திலர்; அவர்கள் எவரையும் புண்படுத்த எண்ணினாரல்லர்; ஆதலால் இக்குற்றச்சாட்டு மிகை என்பர். ஆக்கியோரின் எண்ணம் இங்கு வழக்கிலில்லை. ஒரு படைப்பின் பொருள் ஆக்கியோரின் எண்ணத்தோடு முடிந்துவிடுவதாயின் இலக்கிய ஆய்வுக்கு இடமேயில்லை. முதலாம் பாகம் ஆக்கியோர் எண்ணியதைவிட மிகுதியாகச் சொல்லியது. இரண்டாம் பாகம், தன் முன்னோனிடத்திலிருந்த ஒரு மனிதப் பாத்திரத்தைக் கைப்பொருளாகச் சுருக்கிவிட்டது. முன்னதைப் பாராட்டுதலும் பின்னதைக் கண்டித்தலும் ஒரே அளவுகோலின்பாற்பட்டவை.

தமிழ்மரபிலும் காலிழந்தோனைப் பாடும் கலைவடிவம் உண்டு. நொண்டி நாடகங்களின் தலைவன் திருடன். குதிரை திருட முயன்று பிடிபட்டுக் கால் துண்டிக்கப்பட்டவன். அவனும் நகைப்புக்கு உரியவனே. ஆயினும் அவன் தன் கதையைத் தானே பாடுகின்றான். ஈற்றிலே இறையருளால் இழந்த காலைப் பெறுகின்றான். குற்றவாளிக்கும் காலை மீட்டுக்கொடுத்த அந்நாட்டார் அறத்தோடு, குற்றமற்ற பிள்ளையின் மரக்காலைக் கவர்ந்து மகிழும் ஆட்டத்தை ஒப்பிடுதல் தமிழ் மாணவருக்கு இயல்பாகக் கைவரும் ஆய்வு. அதனைப் பிறநாட்டு விமர்சகரிடம் எதிர்பார்த்தல் இயலாது.

வணிகம் இவ்விமர்சனத்தை விரும்பாது. 2019இல் முதலாம் பாகம் மறுவிற்பனைக்கு வந்தது. 2021 செப்டெம்பரில் இரண்டாம் பாகம் புதுமெருகுடன் வெளியிடப்பட்டது. ஒரு விசையை அழுத்தினால் பழைய காட்சியும் மீண்டும் அழுத்தினால் புதிய காட்சியும் தோன்றும். பிணம் முன்னையினும் தெளிவாகத் தெரிகின்றது. மரக்கால் பழையபடியே பேழைக்குச் செல்கின்றது. திரைக்காட்சியைப் புதுக்கி, காண்பவரைப் பழைய பதினைந்து வயதிலேயே நிறுத்திவைப்பதுதான் நினைவேக்க வணிகத்தின் நோக்கம். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லையென 2023இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எது மீளவேண்டும் என்பதை நிறுவனங்களே தீர்மானிக்கின்றன. மீண்டதை எவ்வாறு நோக்கவேண்டும் என்பதையும் அவற்றிடமே விட்டுவிடலாமா?

இவ்வாட்டங்களைத் தடைசெய்யவேண்டும் என்பது இதன் முடிபன்று. தடை, ஆராய்ச்சியின் இடத்தைப் பிடிக்க இயலாது. வேண்டுவது வேறு. 1997இல் வளாகமாகத் தொடங்கி 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவிலும், யாழ்ப்பாணத்திலும், பேராதனையிலும், கிழக்கிலும் பயிலும் தமிழ் மாணவர் இவ்வாட்டங்களை எழுத்தில் ஆராய்தல் வேண்டும். விரிவுரையாளர் அவ்வாய்வுகளை ஏற்றல் வேண்டும். நெடுங்கேணியின் மகனோ மகளோ தாம் இளமையில் விரும்பி ஆடியதை மீண்டும் ஆடி, இவ்விடம் மெய், இவ்விடம் பொய் எனச் சொல்லும் துணிவைப் பெறுதல் வேண்டும். அதைச் சொல்வதற்குரிய தகுதியை அவர்கள் எந்த நூலகத்திலும் தேடவேண்டியதில்லை. அத்தகுதிக்குரிய விலையை அவர்களது ஊர் எப்போதோ செலுத்திவிட்டது.