ஒரு கார், ஒரு கடிகாரம், ஒரு மலைப்பாதை!

மோட்டார் ரேஸ் என்றாலே கோடிக்கணக்கில் பணம், உரசி மோதும் கார்கள் என்றுதான் பலரும் நினைப்போம். ஆனால் இங்கிலாந்தில், வாரம் முழுக்க ஆபீஸுக்கும் கடைக்கும் ஓட்டும் காரையே வார இறுதியில் போட்டிக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. அந்தப் போட்டிதான் ஹில்கிளைம்ப்.

விதி ரொம்ப எளிது. மலைப்பாதையில் ஒவ்வொரு காராகத் தனித்தனியே ஏற வேண்டும். குறைந்த நேரத்தில் மேலே போகிறவர் வெற்றியாளர். இதையே விமான ஓடுதளத்திலோ ரேஸ் டிராக்கிலோ நடத்தினால் அது ஸ்பிரிண்ட். பச்சை விளக்கு எரிந்ததும் பதறிப் பாய வேண்டியதில்லை. கார் நகர்ந்து ஒளிக்கதிரைத் தாண்டிய பிறகுதான் கடிகாரம் ஓடும்.

வொர்செஸ்டர்ஷயரில் உள்ள ஷெல்ஸ்லி வால்ஷில் 1905-லிருந்து இந்தப் போட்டி நடக்கிறது. பாதையின் நீளம் வெறும் 1,000 கெஜம். அதற்குள் 100 மீட்டர் உயரம் ஏற வேண்டும். முதல் போட்டியின் சிறந்த நேரம் 77.6 விநாடி. இன்றைய அதிவேகக் கார்கள் 23 விநாடிக்குள் ஏறிவிடுகின்றன. புகழ்பெற்ற ஸ்டிர்லிங் மாஸ்கூட 1948-ல், 18 வயதில், 500 சிசி கூப்பர் காரோடு பிரெஸ்காட் மலைப்பாதையில் போட்டியிட்டவர்தான்.

எப்படி ஆரம்பிப்பது?

முதலில் ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போக வேண்டும். மார்ஷல் எனப்படும் தன்னார்வலராகச் சேர்ந்தால், எந்த வளைவில் யார் தடுமாறுகிறார் என்பதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். அடுத்து, ஒரு மோட்டார் கிளப்பில் உறுப்பினராக வேண்டும். தொடக்க நிலை லைசென்ஸை 'மோட்டார்ஸ்போர்ட் யூகே' அமைப்பு இலவசமாகவே தருகிறது.

சாலையில் ஓடும் கார்களுக்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, கையுறை வேண்டும். ஒளிக்கதிரை மறிக்க காரின் முன்னால் ஒரு செங்குத்துத் தகடு பொருத்த வேண்டும். ஆபத்தில் மற்றவர்கள் உடனே அணைக்க வசதியாக, இக்னிஷனின் 'ஆஃப்' நிலையைக் குறித்து வைக்க வேண்டும். ஒரே காரை இருவர் ஓட்டவும் அனுமதி உண்டு. அப்பாவும் மகளும் ஒரே காரில் மாறி மாறிப் போட்டியிடலாம்!

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் எது? எடுத்த எடுப்பிலேயே இன்ஜின் பவரைக் கூட்டச் செலவழிப்பது. அப்படிச் செய்தால், சாதாரணக் கார்களுக்கான பிரிவிலிருந்து, நன்றாகத் தேறியவர்கள் ஓட்டும் பிரிவுக்குப் போய்விட நேரும். அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் பயிற்சிக்கும் செலவிடுவதே மேல்.

இன்னொன்றும் முக்கியம். சாதாரண கார் இன்ஷூரன்ஸ் பொதுவாகப் போட்டியில் ஏற்படும் சேதத்துக்குப் பணம் தராது. பாதையோர மேட்டில் இடித்தால் செலவு முழுக்க நம் தலையில். திங்கட்கிழமை ஆபீஸுக்கும் அதே கார்தான் வேண்டும்! அதனால்தான் அனுபவசாலிகள் காலையிலேயே பாதை முழுக்க நடந்து பார்க்கிறார்கள். முதல் ஓட்டத்தை நிதானமாக ஓட்டி, அடுத்ததில் கொஞ்சம் வேகம் கூட்டுகிறார்கள்.

முதல் நாளிலேயே கோப்பை கிடைத்துவிடாது. ஆனால், காலையில் எடுத்த நேரத்தைவிட மாலையில் ஒரு விநாடி குறைந்திருந்தால், அதே காரில் சிரித்துக்கொண்டே வீடு திரும்பலாம்.