கல்வராயன் மலைக்குக் கேரவன் எதற்கு?

கேரவன் என்றால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு நினைவுக்கு வருவது சினிமா ஷூட்டிங்தான். ஹீரோ உள்ளே ஏசியில் இருப்பார், மற்றவர்கள் வெளியே வெயிலில் நிற்பார்கள். அந்த வண்டியில் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதுதான் கேரவன் சுற்றுலா. கேரளா 2021-இல் இதற்கென்று தனிக் கொள்கை அறிவித்து, அடுத்த வருடமே வாகமனில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்துவிட்டது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவனுக்கு இடம் உண்டு. கரியாலூர் படகுக் குழாம் பக்கத்தில் பத்து வண்டி நிறுத்த இடம் கொடுத்தால் கல்வராயன் மலை எங்கேயோ போய்விடும் என்று கனவு காண்பவர்களும் கிளம்பிவிட்டார்கள்.

கனவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நெரிசல் தாங்காமல், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டிதான் என்று வரம்பும் போட்டார்கள். அங்கே இடம் கிடைக்காத கூட்டம் வேறு மலையைத் தேடத்தான் செய்யும். பெரிய கல்வராயன் பக்கம் சுமார் 4,000 அடி உயரம், மேகம் அருவி, பெரியார் அருவி, அடிவாரத்தில் கோமுகி அணை. ஆசைப்பட இது போதும்.

கேரவன் கட்சிக்காரர்களின் பெரிய வாதம் இதுதான்: ஓட்டல் கட்ட வேண்டாம், கான்கிரீட் வேண்டாம், வண்டி வரும், தங்கும், போய்விடும், இயற்கைக்குச் சேதமே இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழிவறைக்கு ஒரு தொட்டி. முதல் தொட்டியை யாராவது நிரப்ப வேண்டும், மற்ற இரண்டையும் எங்கேயாவது காலி செய்ய வேண்டும். அமெரிக்காவில் கொலராடோ மலையில் எஸ்டஸ் பார்க் என்று ஓர் ஊர், பக்கத்திலேயே ஏரி. அந்த மாதிரி ஊர்களின் கேரவன் பூங்காக்களில் தண்ணீர்க் குழாய், மின்சாரம், கழிவை இறக்கச் சாக்கடை இணைப்பு எல்லாம் உண்டு. அதற்குப் பின்னால் ஒரு முழு நகரத்தின் சுத்திகரிப்பு அமைப்பு நிற்கிறது. கரியாலூரில் அந்தத் தொட்டியை எங்கே திறப்பார்கள்? கோமுகியும் மணிமுத்தாறும் இந்த மலையில் பிறந்துதான் கீழே வருகின்றன. மேலே திறந்துவிட்டது கீழே கள்ளக்குறிச்சி வயலுக்கு வந்து சேரும். ஜான் சல்லிவன் 1824-இல் உருவாக்கிய ஊட்டி ஏரியில் சாக்கடை கலந்த கதை ஊரறிந்தது. அவ்வளவு பெரிய ஏரிக்கே அந்தக் கதி!

அடுத்து வரவு செலவு. சுற்றுலா வந்தால் மலைமக்களுக்கு வேலை கிடைக்கும் என்பது நியாயமான பேச்சு. ஆனால் எல்லாச் சுற்றுலாவும் ஒன்றல்ல. ஓட்டலில் தங்குபவர் அறை வாடகை கொடுக்கிறார், இட்லி சாப்பிடுகிறார், துணி துவைத்தவருக்குக் காசு தருகிறார். கேரவனில் வருபவர் படுக்கையைக் கொண்டு வருகிறார், அடுப்பைக் கொண்டு வருகிறார், மளிகையைக் கீழேயே வாங்கி வருகிறார். மேலே அவர் வாங்குவது ஒரு படகு டிக்கெட், இரண்டு டீ. வண்டி வாடகை சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் முதலாளிக்கு. தண்ணீரும் குப்பையும் மலையின் கணக்கில்! காமர்ஸ் படிக்காதவருக்கும் புரியும் கணக்கு இது.

இந்த மலைக்கு இது பழக்கமான கணக்கும்கூட. மூன்று ஜாகிர்தாரர்களின் பிடியில் இருந்த கல்வராயன், நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டுக்கும் மேல் கழிந்து, 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. அதுவரை மலையாளிப் பழங்குடிகள் ஜாகிர்தாரருக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. ஆனாலும் செம்மரம் வெட்டப் போய் ஆந்திரச் சிறைகளில் கிடப்பவர்களில் இந்த மலைக்காரர்களும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 65 பேருக்கும் மேல் உயிரைக் குடித்தபோது எல்லோரும் மலையைத்தான் கை காட்டினார்கள். கொன்ற மெத்தனாலோ வெளியிலிருந்து வந்தது. அதற்குப் பிறகுதான் இந்த மலைமக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து விசாரிக்க ஆரம்பித்தது. சாலை, மருத்துவம், பள்ளிக்கூடம் என்று அடிப்படையைக் கேட்கும் வழக்கு.

சாலை இல்லாத மலைக்கிராமத்தில் பிரசவ வலி வந்த பெண்ணைத் தொட்டில் கட்டித்தான் தூக்கி வருகிறார்கள். அந்தச் சாலைக்கு வனத்துறை அனுமதி, நிதி ஒதுக்கீடு, டெண்டர் என்று ஆயிரம் படி. கேரவனுக்கு அகலப்படுத்த வேண்டும் என்றால் மட்டும் எல்லாப் படியும் ஒரே நாளில் ஏறிவிடுமோ என்னவோ.

சுற்றுலாவே வேண்டாம் என்பதல்ல வாதம். மலையில் சாமை விளைகிறது, மரவள்ளி விளைகிறது, தேன் இருக்கிறது, பலா இருக்கிறது. வருபவர் மலைக்காரர் வீட்டுத் திண்ணையில் தங்கி, சாமைச் சோறு சாப்பிட்டு, காசை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இதை நடத்த முடியும். அதற்கு இரண்டு அறை, ஒரு கழிவறை, ஒரு சின்னக் கடன் போதும். கேரவன் பூங்காவுக்கு ஆகும் செலவில் எத்தனை வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று திட்டம் போடுபவர்களே கணக்குப் போடட்டும்.

அப்புறம் அந்த மலைப்பாதை. கச்சிராயப்பாளையத்திலிருந்து மேலே ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் அளவுக்கு ஒரு கேரவன் திரும்ப முடியாமல் நிற்கிறது. எதிரே வெள்ளிமலையிலிருந்து மூட்டையோடும் பிள்ளைகளோடும் இறங்கி வருகிறது அரசு பஸ். யார் பின்னால் எடுப்பது?