ஆல்புகர்க்கி மகாநாடும் கம்ப்யூட்டர் புரோகிதமும்

1976-ம் வருஷம் மார்ச்சு மாதம் 26, 27, 28 ஆகிய மூன்று தினங்களில் அமெரிக்காவில் நியூமெக்ஸிகோ மாகாணத்தைச் சேர்ந்த ஆல்புகர்க்கி என்னும் ஊரில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த ஓர் ஓட்டலில் ஒரு மகாநாடு கூடிற்று. அதற்கு "உலக ஆல்ட்டேர் கம்ப்யூட்டர் மகாநாடு" என்று பெயர். பெயரில்தான் உலகம் இருந்ததே ஒழிய, வந்தவர்கள் சில நூறு பேர்தான். அவர்களில் பெரும்பாலோர் வீட்டு மேஜையில் ஈயப்பற்று வைத்து யந்திரம் கட்டிப் பார்க்கும் ஆசைக்காரர்கள். சுமார் ஐம்பது வருஷத்துக்கு முந்தி ஓட்டலில் கூடிக் கலைந்த இந்தச் சிறு கூட்டத்தைப் பற்றி நாம் தலையங்கம் எழுதுவானேன் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். ஒரு கருவியைப் புரோகிதர் கையிலிருந்து சாமானிய மனிதன் பிடுங்கிக்கொண்ட கதையும், பிடுங்கின சூடு ஆறுவதற்குள் அதே பீடத்தில் வேறு ஆள் ஏறி உட்காரப் பார்த்த கதையும் அந்த ஓட்டலில் ஒரே கூரையின் கீழ் நடந்தன என்பதாலேயே எழுதுகிறோம்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுவோம். ஆல்புகர்க்கி பாலைநிலத்து ஊர். ரியோ கிராண்டே ஆறு ஓடுகிறது. ஆகாயப் படையின் தளம் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் தொழிலின் பெரிய முதலாளிகள் நியூயார்க்குப் பக்கத்திலும் பாஸ்டன் பக்கத்திலும் கலிபோர்னியாவிலும் இருந்தார்களே தவிர, இந்த ஊரை அத்தொழிலுக்குரிய ஊராக யாரும் நினைத்ததில்லை. நம்மவர்களானால் இதற்குள் ஒரு ஸ்தலபுராணம் எழுதி, எந்த முனிவர் அங்கே தவம் செய்தார் என்பதையும் கண்டுபிடித்திருப்பார்கள். உள்ளபடி காரணம் வெகு அற்பமானது. அந்த ஆகாயப் படைத் தளத்தில் உத்தியோகம் பார்த்த எட் ராபர்ட்ஸ் என்பவர் 1969-ல் சிநேகிதர்களுடன் சேர்ந்து அங்கே மிட்ஸ் என்று ஒரு சிறு கம்பெனி ஆரம்பித்தார். அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் பெரும்பாலும் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் யந்திரம். அது சர்க்காரிடமும், பாங்கிகளிடமும், சர்வகலாசாலைகளிடமும், பெரிய கம்பெனிகளிடமும் மாத்திரமே இருந்தது. கணக்குப் போட வேண்டியவன் தன் கேள்வியைத் துளையிட்ட அட்டைகளாக்கி, கட்டாகக் கட்டி, ஜன்னல் வழியாக உள்ளே நீட்டவேண்டும். உள்ளே இருக்கும் ஆசாமி அதை வாங்கி யந்திரத்தில் போடுவார். மணிக்கணக்காகக் காத்திருந்தால் காகிதத்தில் அச்சடித்துப் பலன் வெளியே வரும். ஓர் அட்டையில் ஒரு துளை தப்பியிருந்தால் மறுபடியும் ஜன்னலுக்குப் போய் நிற்க வேண்டியதுதான். கர்ப்பக்கிரகமும், தட்டும், பிரசாதமும் நம் வாசகர்கள் ஞாபகத்துக்கு வரும். இந்த ஒப்புமை நாம் வலிந்து கொண்டுவந்ததல்ல. அமெரிக்கர்களே அந்த ஆசாமிகளைப் புரோகிதக் கூட்டம் என்றுதான் அழைத்து வந்தார்கள். டெட் நெல்சன் என்பவர் 1974-ல் தமது சொந்தச் செலவில் "கம்ப்யூட்டர் லிப்" என்று ஒரு புஸ்தகம் வெளியிட்டார். அதன் அட்டையில் உயர்த்திய முஷ்டி ஒன்றை அச்சிட்டு, கம்ப்யூட்டரை இனிமேல் புரோகிதர்களிடம் விட்டுவைக்கக் கூடாது, ஒவ்வொருவரும் அதை அறிந்துகொள்ள வேண்டும் என்று வாதாடினார். ஆல்புகர்க்கி மகாநாட்டில் பேசியவர்களில் அவரும் ஒருவர்.

நிற்க, ராபர்ட்ஸின் கதைக்கு வருவோம். அவர் கையால் கணக்குப் போடும் சிறு யந்திரங்கள் செய்து விற்று நன்றாகவே நடத்திவந்தார். பெரிய கம்பெனிகள் அந்தச் சரக்கில் இறங்கி விலையை அடித்து நொறுக்கியதும் 1974-ல் லட்சக்கணக்கான டாலர் கடனில் விழுந்தார். நம் ஊரில் இந்த நிலைமைக்கு வந்தவன் சனிப் பெயர்ச்சி எப்போது என்று விசாரிப்பான். ராபர்ட்ஸோ இன்டெல் கம்பெனியின் 8080 என்னும் சில்லைப் பார்த்தார். ஒன்று 360 டாலர் என்று விலை போட்டிருந்ததை மொத்தமாக வாங்கினால் 75 டாலருக்குக் கிடைக்கும் என்று பேசி முடித்தார். பாங்கியில் போய், ஒரு வருஷத்தில் 800 யந்திரம் விற்பேன் என்று சொல்லி 65,000 டாலர் கடன் வாங்கினார். 1975 ஜனவரி மாதத்துப் "பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்" பத்திரிகையின் அட்டையில் ஆல்ட்டேர் 8800 என்ற அந்த யந்திரத்தின் படம் வெளிவந்தது. உறுப்புகளாக வாங்கி வீட்டில் கட்டிக்கொள்ள விலை 397 டாலர். பத்திரிகைக்கு அனுப்பிய அசல் யந்திரம் வழியில் தொலைந்து போனதால் படத்துக்கு வைத்தது வெறும் பெட்டி! உள்ளே ஒன்றுமில்லை. வெறும் பெட்டியைக் காட்டிப் பணம் வாங்குவது நமக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே பணம் கட்டியவனுக்குத் தாமதமாகவேனும் உண்மை யந்திரம் கைக்கு வந்து சேர்ந்தது. 800 என்று சொன்ன இடத்தில் சில மாதங்களில் ஆயிரக்கணக்கான ஆர்டர்கள் வந்து குவிந்தன.

அந்தப் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆல்ட்டேர் என்பது சுமார் 17 ஒளிவருஷத் தூரத்திலுள்ள ஒரு நட்சத்திரம். நம் ஜோசியர்கள் திருவோணம் என்று சொல்லிப் பலன் கூறும் கூட்டத்தில் நடுநாயகமாக இருப்பது அதுதான். அந்தத் திருவோணத்துக்கு ராபர்ட்ஸின் கடனும் தெரியாது, அவருக்கு வந்த ஆர்டரும் தெரியாது. திருவோணத்தின் பெயர் பூண்ட அந்த யந்திரம் யாருக்கும் ஜாதகம் கணித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. அதன் பேரப்பிள்ளைகளான யந்திரங்களை வாங்கிவைத்து, "கம்ப்யூட்டர் ஜாதகம் இங்கே கணித்துத் தரப்படும்" என்று போர்டு மாட்டிக்கொண்ட பெருமை நம் நாட்டுக்கும் உண்டு. பொய்யைக் கையால் எழுதினால் ஒரு நாள் ஆகும், யந்திரத்தில் போட்டால் ஒரு நிமிஷத்தில் ஆகும் என்பதைத் தவிர இதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது?

அந்த யந்திரம் என்ன செய்தது என்று கேட்டால், ஆரம்பத்தில் அநேகமாக ஒன்றுமே செய்யவில்லை. திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. ஞாபகசக்தி 256 எழுத்துக்குத்தான். முன்புறத்திலுள்ள சுவிட்சுகளை மேலும் கீழுமாகத் தட்டித்தான் கட்டளை கொடுக்க வேண்டும், விளக்குகள் எரிவதையும் அணைவதையும் பார்த்துத்தான் விடை தெரிந்துகொள்ள வேண்டும். இதற்காக ஜனங்கள் ஏன் பறந்தார்கள்? ஜன்னலில் போய் நிற்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான். கலிபோர்னியாவில் மென்லோபார்க்கில் 1975 மார்ச்சு 5-ந் தேதி ஒருவர் வீட்டு மோட்டார் கொட்டகையில் சிலர் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அச்சங்கத் தோழர் ஒருவர், ஆல்ட்டேர் ஓடும்போது பக்கத்திலிருந்த ரேடியோ இரைவதைக் கவனித்து, எந்தக் கட்டளைக்கு எந்த ஸ்வரம் வருகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துவைத்து, ஒரு கூட்டத்தில் அந்த யந்திரத்தைக்கொண்டு ரேடியோவில் பாட்டே பாடவைத்தார். ஒரு சாமியார் கையில் இது அகப்பட்டிருந்தால் அசரீரி என்று சொல்லி மடம் கட்டியிருப்பார். இவர் என்ன செய்தார் என்றால், எப்படிச் செய்தேன் என்பதை எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இப்படிப்பட்டவர்கள்தான் 1976-ல் ஆல்புகர்க்கியில் கூடினார்கள். ஆனால் அங்கே இரண்டு சங்கதிகள் நடந்தன.

ஒன்று, கடை வைக்கிற சங்கதி. மிட்ஸ் செய்த 4,000 எழுத்து ஞாபகப் பலகை சரியாக வேலை செய்யவில்லை. அதே யந்திரத்தில் பொருந்தும்படியாக, ஒழுங்காக வேலை செய்யும் பலகையைக் கலிபோர்னியாவிலிருந்து பிராசஸர் டெக்னாலஜி என்ற சிறு கம்பெனி செய்து விற்றது. ராபர்ட்ஸுக்கு இது பிடிக்கவில்லை. இப்படிப்பட்டவர்களை ஒட்டுண்ணிகள் என்றே எழுதினார். மகாநாட்டில் அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை. அவர்கள் அழுதுகொண்டு திரும்பிப் போகவில்லை. அதே ஓட்டலில் மேல்மாடி அறையை வாடகைக்கு எடுத்து, திரையில் எழுத்துக் காட்டும் தங்கள் பலகையை ஓடவிட்டு, வருகிறவர்கள் வரலாம் என்று கதவைத் திறந்துவைத்தார்கள். வந்தவர்கள் மாடி ஏறிப் போய்ப் பார்த்தார்கள். புரோகிதரை ஒழிக்க வந்தவரே வாசற்படியில் நின்று யார் வரலாம், யார் வரக்கூடாது என்று பொறுக்க ஆரம்பித்ததைப் பார்த்தீர்களா!

இரண்டாவது, பில் கேட்ஸ் என்ற 20 வயது வாலிபரின் சங்கதி. அவரும் பால் ஆலனும் ஆல்ட்டேருக்காகப் பேசிக் என்னும் மொழியை எழுதிக் கொடுத்து, அந்த ஊரிலேயே மைக்ரோசாப்ட் கம்பெனியையும் 1975-ல் ஆரம்பித்திருந்தார்கள். பேசிக்கைத் தனியாக வாங்கினால் 500 டாலர். மிட்ஸின் ஞாபகப் பலகையோடு சேர்த்து வாங்கினால் விலை வெகு குறைவு. கெட்டுப்போன பலகையைத் தலையில் கட்டுவதற்கு நல்ல சரக்கைத் தூண்டிலாக வைத்தார்கள் என்று நாம் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. விளைவு என்ன? பேசிக் பதிந்த காகித நாடாவைச் சங்கத்தார் நகல் எடுத்து இனாமாக வழங்கிவிட்டார்கள். கேட்ஸ் 1976 பிப்ரவரி 3-ந் தேதியிட்டு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். யந்திரம் வாங்கியவர்களில் 100-க்கு 10 பேர்கூடப் பேசிக்கை விலைக்கு வாங்கவில்லை என்றும், நீங்கள் திருடுகிறீர்கள் என்றும், எங்கள் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்றும் அதில் சொன்னார். அடுத்த மாதம் மகாநாட்டு மேடையிலும் ஏறிப் பேசினார்.

இதில் நம் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். உழைத்தவன் கூலி கேட்பது நியாயம். மற்றவன் உழைப்பில் இனாமாக உண்பவர்களை எதிர்த்தே வந்த நாம், அந்த வாலிபர் கூலி கேட்டதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் பேசிக் மொழி அவர் உண்டாக்கியதா? 1964-ல் டார்ட்மவுத் காலேஜில் கெமனி, கர்ட்ஸ் என்ற இரு உபாத்தியாயர்கள், விஞ்ஞானம் படிக்காத மாணவனும் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும் என்பதற்காக அதை உண்டாக்கி உலகத்துக்கு விட்டுவிட்டார்கள். அம்மொழியை ஆல்ட்டேருக்காக எழுதும் ஆரம்ப வேலை நடந்தது ஹார்வர்டு சர்வகலாசாலையின் யந்திரத்தில். அந்த யந்திரத்துக்குப் பணம் கொடுத்தது சர்க்காரின் ராணுவ இலாகா, அதாவது வரி கட்டிய ஜனங்கள். பொதுக்கிணற்றில் தண்ணீர் மொண்டவன் தூக்கிவந்த கூலியைக் கேட்கட்டும். கிணற்றையே தன்னுடையது என்று சொல்லாதவரையில் நமக்கு ஆட்சேபணை இல்லை. கடிதத்தில் அவர் கிணற்றைக் கேட்கவில்லை. பிற்காலத்தில் அந்தத் தொழில் முழுவதும் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது உலகம் அறிந்தது.

அந்தச் சண்டைக்குச் சங்கத்தார் கொடுத்த பதில்தான் நமக்கு அதிகம் பிடித்தது. வசை பாடியவர்கள் பாடினார்கள். வேறு சிலர் உட்கார்ந்து, குறைந்த ஞாபகசக்தியில் ஓடக்கூடிய "டைனி பேசிக்" என்னும் சிறு மொழியைத் தாங்களே எழுதி, வரிக்கு வரி பத்திரிகையில் வெளியிட்டார்கள். 1976-ல் அப்படி எழுதிய லி-சென் வாங் என்பவர், உரிமைகளெல்லாம் தமக்கே என்று எல்லோரும் போடும் வாசகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பரிகாசமாக அச்சிட்டார்.

மிட்ஸ் கம்பெனி 1977-ல் பெர்ட்டெக் என்ற கம்பெனிக்குக் கைமாறிற்று. மைக்ரோசாப்ட் 1979-ல் வாஷிங்டன் மாகாணத்துக்குக் குடிபோயிற்று. ராபர்ட்ஸ் ஜார்ஜியாவில் நிலம் வாங்கி விவசாயம் செய்து, நாற்பது வயதுக்கு மேல் வைத்தியம் படித்துப் பாஸ் செய்து, காக்ரன் என்ற சிற்றூரில் டாக்டராக இருந்து 2010-ல் காலமானார். நாற்பதுக்கு மேல் படிப்பு ஏறாது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இன்று அந்த ஆல்ட்டேரைவிட எத்தனையோ லட்சம் மடங்கு ஞாபகசக்தியுள்ள யந்திரம் கூலிக்காரன் சட்டைப் பையிலும் இருக்கிறது. மெத்த சந்தோஷம். ஆனால் அதைத் திறக்க அநேகம் பேரால் முடியாது. பசை வைத்து ஒட்டி மூடியிருக்கிறார்கள். உள்ளே ஓடுவது இன்னதென்று பார்க்கவும் பெரும்பாலும் விடமாட்டார்கள். அல்லாமலும், கேட்ட கேள்விக்கு வாக்கியமாகவே பதில் சொல்லும் யந்திரங்கள் இப்போது வந்துவிட்டன. அவை மறுபடியும் காவல் போட்ட பெரிய கட்டடங்களில், சில கம்பெனிகளின் கையில் இருக்கின்றன. ஜன்னலில் அட்டை நீட்டியது போலவே நாம் கேள்வியை நீட்டுகிறோம். படித்த வாலிபர்கள்கூட "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்று வாதத்தை முடிக்கிறார்கள். சாஸ்திரமே சொல்லிவிட்டது என்று அவர்களுடைய பாட்டன் முடித்தான். யார் எழுதியது, எதை வைத்து எழுதியது, தப்பினால் யார் பொறுப்பு என்று பாட்டனிடம் கேட்ட கேள்விகளை இந்த யந்திரத்திடமும், அதற்குச் சொந்தக்காரர்களிடமும் கேட்டே தீர வேண்டும்.

1976-ல் திருட்டு என்று சண்டை வந்த அந்த ஆல்ட்டேர் பேசிக்கின் மூலத்தைக் கேட்ஸ் அவர்களே 2025 ஏப்ரலில் யாரும் எடுத்துப் படிக்கலாம் என்று வெளியிட்டுவிட்டார். அதைப் படித்துப் பார்க்கும் ஆசை நம் வாலிபர் சங்கங்களுக்கு ஏன் வரக்கூடாது? பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, மூடியைக் கழற்றி, நடுவில் வைத்துக்கொண்டு மாதம் ஒரு கூட்டம் நடத்தட்டும். பையன்களோடு பெண்களையும் கட்டாயம் கூப்பிட வேண்டும். பந்தல் வேண்டியதில்லை, தலைவருக்கு மாலை வேண்டியதில்லை. வாசகசாலைத் திண்ணையும் ஒரு திருப்புளியும் இருந்தால் போதும்.