பழிக்கப்பட்ட நூலைப் பயிலலாமா?

பிறர் மனத்தைப் புண்படுத்தும் சொற்கள் நிறைந்த பழைய நாவல்களை இக்காலத்து மாணவர் பயிலலாமா என்னும் வினா கற்றோரிடையே எழுந்துள்ளது. இதனைப் பொதுப்பட ஆராய்வதினும் ஒரு நூலை எடுத்து நோக்குதல் தெளிவு தரும். அமெரிக்க எழுத்தாளர் மார்க் துவைன் இயற்றிய 'ஹக்கிள்பெரி பின்' அத்தகைய நூலாகும்.

1885 ஆம் ஆண்டு அந்நூல் அமெரிக்காவில் வெளிவந்த சில வாரங்களிலேயே, மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கொன்கோட் நகர நூலகம் அதனை விலக்கியது. நடை கொச்சையானது, சிறுவர் ஒழுக்கத்துக்கு ஊறு செய்வது என்பன அன்றைய குற்றச்சாட்டுகள். இன்றைய குற்றச்சாட்டு முற்றிலும் வேறு. கறுப்பின மக்களை இழித்துரைக்கும் சொல்லொன்று அதில் இருநூறு தடவைக்கு மேல் வருகின்றது. 1957 இல் நியூயோர்க் நகரக் கல்விச் சபை கீழ், நடு வகுப்புகளுக்குரிய பாடநூற் பட்டியலிலிருந்து அதனை நீக்கியது. 2011 இல் வெளிவந்த ஒரு பதிப்போ அச்சொல்லை அகற்றி, 'அடிமை' என்னும் சொல்லைப் பெய்தது.

இம்மாற்றம் தகுமா? தகாது என்பதே எமது கருத்து. 'அடிமை' என்பது ஒருவனுடைய நிலையைக் குறிப்பது. அந்நிலை 1865 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இழிசொல்லோ அதன் பின்னரும் நின்று நிலவியது. அதனை மறைப்பின், அடிமை முறை ஒழிந்தும் ஒழியாதிருந்த கொடுமையும் உடன் மறைந்துவிடும்.

கதையின் உயிர்நிலையும் இதனோடு பிணைந்தது. தப்பியோடிய அடிமையாகிய ஜிம்மைக் காட்டிக்கொடுப்பதே அறமெனக் கற்பிக்கப்பட்டவன் ஹக் என்னும் சிறுவன். ஜிம்மைத் தன் உடைமையாகக் கொண்ட மாதுக்குக் கடிதமும் எழுதிவிடுகின்றான். பின்னர், ஆற்றுவழிப் பயணத்தில் ஜிம் காட்டிய அன்பை நினைந்து, தனக்கு நரகமே கிட்டுமென நம்பியும் அக்கடிதத்தைக் கிழித்தெறிகின்றான். சமுதாயம் அறமெனப் போற்றுவதும் சிலபோது மறமாகும் என்பதை இளைஞர் உணர்தற்கு இதனினுஞ் சிறந்த இடம் யாது?

எனினும், மறுபக்கத்தார் கூற்றை எள்ளுதல் முறையன்று. வகுப்பிலே அச்சொல் உரக்கப் படிக்கப்படும்போது, அதனால் ஏசப்பட்டோர் வழிவந்த மாணவன் ஒருவன் அங்கு அமர்ந்திருத்தல் கூடும். ஏனையோருக்குப் பாடமாவது அவனுக்குப் புண்ணாகும். நூலும் குற்றமற்றதன்று, இறுதி அதிகாரங்களில் ஜிம்மின் விடுதலை சிறுவர் விளையாட்டாக்கப்படுகின்றது. ஆகவே, முதிரா வயதினர்க்கு அதனைப் பாடமாக விதித்தல் வேண்டா. மேல் வகுப்பினர்க்கு, வரலாறறிந்த ஆசிரியர் அவ்விழிசொல்லை உரக்க வாசியாது, அதன் பின்னுள்ள கொடுமையையும் நூலின் குறையையும் ஒருங்கே எடுத்துரைத்துக் கற்பித்தல் வேண்டும்.

நூலைத் தடுத்தல் எளிது. சொல்லை மாற்றி அச்சிடுதலும் எளிது. நெறிப்படக் கற்பித்தலே அரிது. அவ்வரும்பணிக்காகவன்றோ கல்லூரிகள் எழுந்தன!